பத்தாங்கிளாஸோட நின்ன பிள்ளையைத் திரும்ப எப்படி அனுப்ப? உங்களை அனுப்பினது யாரு?

ஆலங்குளத்தான் · சனி, இரவு 9.12

எங்கள் ஊர் ஆலங்குளத்துக்குப் பக்கம். எனக்குத் திருப்பூரில் வேலை. போன வாரம் அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளை, என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடும், பத்தாம் வகுப்பு எழுதியிருந்தது. ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. தமிழில் 71. மற்ற மூன்றிலும் தேறிவிட்டது. கணக்கில் 27.

திண்ணையில் சொளவை (முறம்) மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தது. என்னம்மா இது என்று கேட்டேன். "இனி இதான் சித்தப்பா" என்றது. தலை நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை. இலையில் தூளைப் பரத்தி, உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றி, அடுத்த இலை. பிள்ளைக்கு வயது 15. அந்தக் கை அதற்குள் அத்தனை பழகியிருந்தது.

நானும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவன்தான். 1988. ஒன்பதாம் வகுப்பு. அப்பா பம்பாய்க்குப் போய் மூன்று மாதமாகக் காசு வரவில்லை. காலாண்டு லீவு முடிந்தும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா சுற்றுவாள், நான் வாய் மடக்கி, 25 பீடியாக எண்ணிக் கட்டுப் போடுவேன். ஆயிரம் பீடிக்கு 40 கட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கு சார் சைக்கிளில் வந்தார். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவிடம், "எம்மா, பீடிக்கடை பாஸ் புத்தகத்தக் கொஞ்சம் குடுங்க" என்றார். வாங்கி என் கையில் கொடுத்து, "கூட்டுலே" என்றார். முந்தின மூன்று வாரக் கணக்கைக் கூட்டினேன். எத்தனை கட்டு கொடுத்தோம், எத்தனை கழிவு (சரியில்லை என்று தள்ளினது) போனது, எவ்வளவு பாக்கி. என் கூட்டலில் கூலி ஒரு தொகை வந்தது, புத்தகத்தில் வேறு தொகை இருந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று பயந்து மறுபடி கூட்டினேன். அதே தொகைதான். மூன்று கட்டுக் கழிவை ஒரு நாள் எழுதி, மறுநாள் வரியிலும் அதையே எழுதிக் கழித்திருந்தார்கள்.

அம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சார், இது எத்தன வருசமா?"

சார் பதில் சொல்லவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரியே அம்மா என் காக்கி டவுசரைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

அந்த சார் இன்று இல்லை. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நான் போய் என்ன சொல்ல? புத்திமதி சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், அத்தோடு முடிந்துவிடும். உங்களில் எத்தனையோ பேர் படிப்பு நடுவில் நின்று திரும்பப் போயிருப்பீர்கள். யார் அனுப்பினார்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள்? எழுதுங்கள்.

விடிலிப் புகை · சனி, இரவு 10.40

அண்ணாச்சி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் திசையன்விளை பக்கம். அப்பா பனையேறி. பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருக்காது. அப்பா இறக்கிக் கொண்டுவருகிற பயினியை (பதநீர்) அம்மை விடிலியில் (கருப்பட்டி காய்ச்சுகிற குடிசை) காய்ச்சுவாள். சருகும் ஓலையும் பொறுக்கி அடுப்புக்குப் போடுவது என் வேலை. பதம் வருகிற நேரத்தில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரக் கூடாது. பதம் தப்பினால் சிரட்டையில் ஊற்றினது கட்டியாகாது. அப்பா விடியுமுன்னே ஏறி இறங்கின அத்தனை மரமும் வீண். புகையில் கண் எரிந்துகொண்டே இருக்கும். நாலாம் வகுப்பு முழுப்பரீட்சையை நான் எழுதவே இல்லை.

என்னைத் திரும்ப அனுப்பியது சோறு. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினார். எங்கள் வீட்டில் சோறு ராத்திரிக்கு மட்டும்தான். பகலில் கிழங்கு, இல்லையென்றால் பயினி. தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அம்மை வாசலில் நின்று, "சோத்துக்கா போற?" என்றாள். ஆமா என்றேன். "போ. சோத்த மட்டும் தின்னுட்டு வராத. ரெண்டு எழுத்தயும் சேத்துத் தின்னுட்டு வா" என்றாள். இன்று நான் செவிலியர். 26 வருட சர்வீஸ்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடையன்குடி எங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். கால்டுவெல் பாதிரியார் அங்கே வந்தது 1841-ல். அவர் மனைவி எலைசா பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னவும் பழக்கினார். எங்கள் ஆச்சியுடைய அம்மை அந்தப் பக்கத்துப் பள்ளியில் படித்தவள். லேஸ் பின்னுவாள், பைபிளைச் சரளமாக வாசிப்பாள். ஆனால் எங்கள் ஆச்சி கைநாட்டு. அம்மையும் கைநாட்டு. நடுவில் ஒரு பஞ்சமோ ஒரு சாவோ வந்திருக்கும், ஒரு பிள்ளை ஒரு வருடம் வீட்டில் நின்றிருக்கும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் கையெழுத்து வருவதற்கு மூன்று தலைமுறை ஆனது. வீட்டுக்குள் ஒரு தடவை படிப்பு வந்துவிட்டால் அது போகாது என்று நினைக்கிறோம். போகும். உங்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இப்போது நடப்பது அதுதான்.

பிள்ளையிடம் புத்திமதி சொல்லாதீர்கள். அது நின்றது வறுமையாலா வெட்கத்தாலா என்று முதலில் பாருங்கள். நாலு பாடம் தேறின பிள்ளை என்கிறீர்கள். எனக்கென்னவோ வெட்கம் என்றுதான் தோன்றுகிறது.

பேட்டை ஃபிட்டர் · ஞாயிறு, காலை 6.55

நான் பத்தாங்கிளாஸ்ல இங்கிலீஷ்ல ரெண்டு தடவ பெயிலாயிட்டேன். மூணாவது தடவ எழுத மாட்டேன்னு லாரி கிளீனராப் போயாச்சு. ஆறு மாசம். திரும்ப எழுத வச்சது அந்த லாரி டிரைவர்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது. ராத்திரி ஊர்ப் பேரு போர்டு வந்தா நான்தான் வாசிச்சுச் சொல்லணும். ஒரு நாள் ஆந்திராவுல ஒரு முக்குல தமிழும் இல்ல, இங்கிலீஷும் அழிஞ்சு கெடக்கு. என்னால வாசிக்க முடியல. அவரு வண்டிய நிப்பாட்டிட்டுச் சொன்னாரு: "இந்த மாதிரி நிக்க எப்படி இருக்கு? நான் முப்பது வருசமா இப்படித்தாம்டே நிக்கேன்."

ஊருக்கு வந்து எழுதினேன். 38 மார்க். பேட்டை ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் கெடச்சுது. இப்ப பணகுடிப் பக்கம் காத்தாடி (காற்றாலை) கம்பெனியில சர்வீஸ் வேலை. அந்தப் பிள்ள மேல படிக்கலன்னாலும் சரி, பத்தாங்கிளாஸ் பாஸ் ஆகணும். ஐ.டி.ஐ.ல நிறைய டிரேடுக்கு அதக் கேக்கான்.

தெற்கு பஜார் · ஞாயிறு, காலை 11.20

மூன்று பேர் எழுதியதும் உண்மை. படித்தேன், மதிக்கிறேன். ஆனால் என் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். காலையில் எங்கள் தெருவில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் போகிறதைப் பார்த்தால் ஊரே பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். பன்னிரண்டில் நல்ல மார்க். வங்கியில் கல்விக் கடன் வாங்கி மெக்கானிக்கல் இன்ஜினியரிங். 2014-ல் முடித்தேன். கேம்பஸில் ஒருவரும் எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தபோது என்னோடு நின்றவர்கள் ஐ.டி.ஐ. படித்தவர்கள், எனக்கும் அவர்களுக்கும் ஒரே சம்பளம். வட்டி ஏறி ஏறி, அப்பா பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனைக் கட்டினார். இப்போது மொபைல் கடையில் நிற்கிறேன்.

படித்தது வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிடம் போய் "படிச்சா எல்லாம் மாறிரும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். மாறாதபோது யாரும் பக்கத்தில் இல்லை. பொய் சொல்லி அனுப்புவதைவிட அனுப்பாமலே இருக்கலாம்.

பாளை ஓய்வு வாத்தியார் · ஞாயிறு, மாலை 4.05

தெற்கு பஜார் தம்பிக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கோபம் நியாயமானது. 32 வருடம் நான் வகுப்பில் நின்றிருக்கிறேன், அந்தப் பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். "படிச்சா கலெக்டர் ஆவே" என்று எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. அதில் ஒருவன் கட்டட வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை வேறு தெருவில் திருப்பினான். என்னைப் பார்க்க அவன் கூச்சப்படும்படி நான்தான் செய்திருக்கிறேன். அந்தச் சைக்கிள் திரும்பினது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் பள்ளிக்கூடம் வேலைக்கு மட்டும் ஏற்பட்டது என்று வைத்துக்கொண்டால் நம் சீமையின் கதை புரியாது. சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார். தேசத்துக்காகச் சிறந்த இளைஞர்களை உருவாக்க வேண்டும் என்பது நோக்கம். பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். சாப்பாட்டில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனி இடம். 1924, 25-ல் அது தமிழ்நாடு முழுக்கப் பற்றி எரிந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். ஐயர் 1925-ல் பாபநாசம் அருவியில் தவறிப்போனார். அறிவிலும் தியாகத்திலும் அவர் பெரியவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தும் அந்தப் பந்தியில்தான் குருகுலம் உடைந்தது.

முப்பது வருடம் கழித்து, ஆறாம் வகுப்போடு படிப்பு நின்ற காமராஜர் முதலமைச்சராகி 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். பசிக்குத்தான் கொண்டுவந்தார். ஆனால் சேரன்மகாதேவியில் இருந்து கூப்பிடு தூரத்து ஊர்களில் நான் வேலை பார்த்தவன், அந்த வராந்தாவைத் தினமும் பார்த்தவன். பிள்ளைகள் ஒரே வரிசையில் தட்டோடு உட்காருவார்கள். தட்டைத் தள்ளி வைத்து உட்கார்ந்தவர்களும் உண்டு, வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஒரு மாதம் அப்படி. பிறகு பக்கத்துத் தட்டில் முட்டை பெரிதாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான். எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் நெருங்கித்தான் உட்கார வேண்டும்.

இதைச் சந்தோஷமாக எழுதுகிறேன், ஆனால் முழுவதும் சந்தோஷமில்லை. என் சர்வீஸின் கடைசி வருடங்களில் பிள்ளைகள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். எந்தக் கலர் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், ஆசிரியருக்குத் தெரியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை இங்கே எல்லோரும் அறிவீர்கள். ஒரு மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. நீதிபதி சந்துரு குழு அதற்குப் பிறகுதான் வந்தது. கயிறு கட்டி வரக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் இருக்கக் கூடாது என்று 2024-ல் அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கையை வரி விடாமல் வாசித்தேன். கயிற்றை நாம் அறுத்து எறிந்துவிடலாம். அதைக் கட்டிவிட்ட கை வீட்டில் அல்லவா இருக்கிறது?

அதனால் ஆலங்குளத்தாரே, அந்தப் பிள்ளை திரும்பப் போக வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேலை மட்டுமல்ல. திண்ணையில் உட்கார்ந்தால் அது பார்க்கிற ஆட்கள் எல்லாம் ஒரே தெரு. பள்ளிக்கூடத்தில்தான் அடுத்த தெருவும் அடுத்த ஊரும் பக்கத்தில் வந்து உட்காரும். அதிலும் சண்டை வரும். வரட்டும். உட்காராமலே இருந்தால் சமாதானம் எங்கிருந்து வரும்?

தெற்கு பஜார் · ஞாயிறு, மாலை 5.30

ஐயா, நீங்கள் சைக்கிள் பற்றி எழுதியதைப் படித்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எந்த வாத்தியாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அப்பா தலையாட்டினால் தலையாட்டுகிற பையனாகத்தான் நான் பள்ளிக்குப் போனேன். என் கையிலும் ஒன்பதாம் வகுப்பில் கயிறு இருந்தது. அதை அவிழ்க்கச் சொன்னது வாத்தியார் இல்லை, என் பெஞ்சில் உட்கார்ந்தவன். "அது இருந்தா நான் தள்ளி உட்காருதேன்" என்றான், அவ்வளவுதான். இப்போது என் கடையில் பாதிப் பங்கு அவனுடையது. கடனை யோசிக்கும்போது இதை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

சாக்பீஸ் · ஞாயிறு, இரவு 8.15

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எல்லோரும் மனசைத் தொடும்படி எழுதியிருக்கிறீர்கள். நான் மார்க்கைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் நாள் குறைவு.

ஆலங்குளம் அண்ணா, 27 என்பது தோல்வியே இல்லை. இன்னும் 8 மார்க், அவ்வளவுதான். பெயிலான பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் போதும், மற்ற நாலும் அப்படியே நிற்கும். துணைத் தேர்வு வழக்கமாக ஜூலை தொடக்கத்தில் வந்துவிடும். படித்த பள்ளிக்கே போய் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். அதற்கு நாள் சில தினங்கள்தான் கொடுப்பார்கள். நாளைக்கே போக வேண்டும். பிள்ளை வெட்கப்பட்டால் நீங்கள் கூடப் போங்கள். பெயிலான பிள்ளைகள் பள்ளி வாசலை மிதிக்கவே கூசும். விண்ணப்பம் போடாமல் நின்றுபோகிற பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன். தேர்வுக்குப் பயந்து நின்றவர்களை விட அந்த வாசலுக்குப் பயந்து நின்றவர்கள்தான் அதிகம்.

அந்த 8 மார்க் எங்கே இருக்கிறது? கடைசிப் பகுதியில் இரண்டு கேள்வி. ஒன்று வடிவியல், ஒன்று வரைபடம், ஒவ்வொன்றும் 8 மார்க். வடிவொத்த முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, இதுபோல நாலைந்து மாதிரிதான் திரும்பத் திரும்ப வரும். கணக்கு வராத பிள்ளைக்கும் கை வரும். பீடி இலையை அளவு பார்த்து வெட்டுகிற கைக்கு காம்பஸ் பிடிக்கத் தெரியாமல் இருக்காது. எங்கள் பள்ளியில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள் வரைகிற கோடு அத்தனை சுத்தமாக இருக்கும். அடுத்து, ஒரு மார்க் கேள்வி 14. புத்தகத்தின் பயிற்சிகளில் இருப்பதைப் பழகினால் பத்து சொச்சம் வந்துவிடும்.

அம்மாவிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்ததென்றால், மேலே கல்லூரி, பாலிடெக்னிக் எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அதன் வங்கிக் கணக்குக்கே வரும். 2022-ல் இருந்து கொடுக்கிறார்கள். அம்மா கையில் கணக்குச் சொன்னால்தான் கேட்பாள், உங்கள் சார் செய்தது போல.

ஆலங்குளத்தான் · செவ்வாய், இரவு 9.50

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டேன். போனில் பேசுகிற விஷயம் இல்லை என்று பட்டது.

விடிலிப் புகை அக்கா சொன்னதுதான் சரி. வெட்கம்தான். பெரிய மயினியிடம் (பிள்ளையின் அம்மா) கேட்டேன். "எய்யா, நான் நிப்பாட்டல. அவ கூடப் படிச்ச ரெண்டு பிள்ளையள் பிளஸ் ஒன்னுக்கு அப்ளிகேசன் வாங்கப் போவும்போது இவ உள்ள போயிக் கதவ அடச்சுக்கிட்டா. மறுநா சொளவ எடுத்து வச்சுக்கிட்டா. நான் என்ன செய்ய? அழுதுகிட்டிருக்கதுக்கு இது தேவலன்னு விட்டுட்டேன்" என்றார்கள். சொல்லும்போது அவர்களே அழுதுவிட்டார்கள்.

பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதைக் கையில் கொடுத்தேன். பெட்டிக்கடையில் வாங்கின ஜாமெட்ரி பாக்ஸையும் கொடுத்தேன். "எனக்கு இந்தத் தொடுகோடு வரையத் தெரியல, ஒரு டீச்சர் இதப் பத்தி எழுதியிருந்தாங்க, நீ வரைஞ்சு காட்டு" என்றேன். டீச்சர் எழுதினது உண்மைதானே. முதலில் மறுத்தது. அப்புறம் சொளவை இறக்கி வைத்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டது. வட்டம் போட்டது. வெளியே ஒரு புள்ளி வைத்து மையத்தோடு சேர்த்தது. அந்தக் கோட்டுக்கு நடுக்குத்துக்கோடு போட்டு, அங்கே காம்பஸை ஊன்றி இன்னொரு வட்டம். அது பழைய வட்டத்தை வெட்டின இரண்டு இடத்தையும் புள்ளியோடு இழுத்தது. ஒரு தப்பும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை இல்லை.

"இது பரீட்சைல எழுதுனியா?" என்றேன்.

"டைம் இல்ல சித்தப்பா. மொத கணக்குலயே உக்காந்துட்டேன்."

இன்று காலை பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாக்பீஸ் டீச்சர் சொன்னது போலவே வாசலில் நின்றுவிட்டது. நானும் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா எட்டிப் பார்த்து, "ஏளா, உள்ள வா, எங்க போயிட்ட இத்தன நாளா" என்றார்கள். போய்விட்டது. விண்ணப்பம் போட்டாயிற்று.

சாக்பீஸ் டீச்சர், கடைசிப் பகுதியை முதலில் எழுதலாமா என்று பிள்ளை கேட்கச் சொன்னது.

சாக்பீஸ் · செவ்வாய், இரவு 10.02

தாராளமாக. கேள்வி எண்ணை மட்டும் சரியாகப் போடச் சொல்லுங்கள். வடிவியலுக்கு உதவிப்படமும் வேண்டும், அதை விட்டால் மார்க் குறையும். தொடுகோட்டின் நீளத்தை அளந்து எழுதியதா?

ஆலங்குளத்தான் · செவ்வாய், இரவு 10.20

இல்லை, இரண்டையும் செய்யவில்லை. இப்போதுதான் சொன்னேன், ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பழைய துணைத் தேர்வு வினாத்தாள் வைத்திருப்பவர்கள் படம் எடுத்துப் போடுங்கள். கடைசிப் பக்கம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

தெற்கு பஜார் · செவ்வாய், இரவு 10.24

மூன்று வருடத்துக்கு உரியது என் தம்பியிடம் இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் ஸ்கேன் செய்து போடுகிறேன். பிரிண்ட் எடுத்து ஆலங்குளம் பஸ்ஸில் கொடுத்துவிடவும் முடியும். எது வசதி?